முண்டம், பெயர்ச்சொல்

ஆடித் தள்ளுபடிக்கு முந்தின வாரம்
மினி லாரியில் வந்து இறங்கின
நாற்பத்திரண்டு பொம்மைகள்.
ஒன்றுக்கும் தலை கிடையாது.

"தலைக்குத் தனி ரேட்டு.
சுடிதார் எடுக்க வர்றவ
பொம்மை மூஞ்சியப் பாத்தா எடுக்கறா?"
என்றார் சூப்பர்வைசர் நல்லசிவம்.
பழையவற்றுக்குத் தலை இருந்தது.
ரோஸ் நிறம், நீலக் கண்,
உஸ்மான் ரோட்டில் ஒருத்திக்கும் இல்லாத மூக்கு.
கோணியில் கட்டி மொட்டை மாடியில் போட்டோம்.

மூன்றாம் மாடி, குர்த்திப் பிரிவு.
உடுத்தி விடுகிறவள் நான்.
ஷட்டர் ஏறும் முன்
முண்டக்கட்டையாய் நிற்பவைக்குத் துணி மாட்டி
முதுகில் குண்டூசி குத்தி
இடுப்பைச் சிறுக்கிக் காட்டுவேன்.
ரெஹானா ஊசி எடுத்துத் தருவாள்.
"எல்லாத்துக்கும் முப்பத்திநாலு.
இதுங்க சாப்பிடறதே இல்ல போல."

அன்றைக்கு விலைச் சீட்டில்
ஒரு சைபரை விட்டுவிட்டேன்.
தளத்தின் அந்தக் கோடியிலிருந்து
நல்லசிவம் கத்தினார்: "ஏ முண்டம்!"

நாற்பத்திரண்டும் அசையவில்லை.
நான் திரும்பினேன்.

"சலோமின்னு கூப்பிட்டாகூட
இவ்ளோ சுருக்கா திரும்ப மாட்டியே"
என்றாள் ரெஹானா, சிரிக்காமல்.

விடுப்பு நாளில் மவுண்ட் ரோடு நூலகம்.
அகராதி ஒரு கைக்குழந்தை கனம்.
முண்டம் என்ற இடத்தில்
முதலில் போட்டிருந்தது: தலை.
விரலை எடுத்துவிட்டு
மறுபடி வைத்துப் பார்த்தேன்.
தலைதான்.
மழித்த தலை.
அதற்குக் கீழே, கூச்சமே இல்லாமல்,
தலையற்ற உடல்.
அதற்கும் கீழே நான்: அறிவில்லாதவர்.

மழித்தலைச் சொல்ல
வடமொழியில் புறப்பட்ட சொல்லாம்.
முதலில் முடி போயிருக்கிறது.
பிறகு எங்கேயோ தலையும் போயிருக்கிறது.
எந்தத் தெருமுனையில் என்று
அகராதியில் இல்லை.
அடுத்த பத்தியில் முண்டு, மரக்கட்டை.
முண்டுதல், முட்டித் தள்ளுதல்.
சொந்தக்காரர்களா, வெறும் பக்கத்து வீடா,
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மெய் என்றும் ஒரு சொல் இருக்கிறது உடம்புக்கு.
உண்மைக்கும் அதே பெயர்.
அதைச் சொல்லி
யாரும் யாரையும் திட்டுவதில்லை.

முதலாளியிடமிருந்து போன் வந்தால்
நல்லசிவத்தின் கழுத்து தானாக வளைகிறது.
அவர் கூப்பிட்டால் என்னுடையது.
இவற்றுக்கு எல்லாம் கழுத்தோடு முடிந்துவிடுகிறது,
குனிய ஒன்றும் இல்லை.
கொடுத்து வைத்தவை என்று நினைத்தேன்.
நினைத்ததும், எதற்கோ,
என் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இரவு பத்தேகால், மாம்பலம்.
தாம்பரம் வண்டியில் முண்டியடித்து ஏறும்போதுதான்
அடுத்த பத்திச் சொல் விளங்கியது.
தலைகள் எங்கெங்கோ பார்க்கின்றன.
ஏறுவது தோளும் மார்பும் வயிறும்.

உட்காரக்கூட இடம் கிடைத்தது.
பக்கத்தில் திருப்பதி போய் வந்த குடும்பம்,
லட்டுப் பை, உறங்கி வழியும் தாய்.
நடுவில் மூன்று வயதுப் பெண்,
புது மொட்டை, பாதி உதிர்ந்த சந்தனம்.
கிண்டி தாண்டியதும்
அந்தத் தலை ஆடி ஆடி
என் விலாவில் வந்து சாய்ந்தது.

சூடு.
இவ்வளவு சின்னதற்கு இவ்வளவு கனமா?
எச்சில் ஒழுகியது. வியர்வையில் சந்தனம் கரைந்து
யூனிஃபார்ம் புடவையில் இறங்கியது.
தாய் விழித்துப் பதறி இழுக்க வந்தாள்.
"தூங்கட்டும்" என்றேன்.

மேலே போட்டிருந்த பொருள்
கீழே போட்டிருந்த பொருளின் மேல்
வாய் பிளந்து உறங்கியது.
நான் மூச்சு விட்டால்
அது உயர்ந்து தாழ்ந்தது.

"எங்க இறங்கணும்?"
"குரோம்பேட்டைங்க."

பல்லாவரம் வந்தது.
என் ஸ்டேஷன்.
யாரோ இறங்கினார்கள்.
வண்டி கிளம்பியது.